பெரியவரின் வெல்வெட் தொப்பி

அமெரிக்காவில் வளர்ந்த நம்மில் பாதிப் பேர் எட்டு, ஒன்பது வயதிலேயே மொழிபெயர்ப்பாளர் வேலைக்குச் சேர்ந்தவர்கள். டாக்டரிடம், தபால் ஆபீசில், பள்ளிக்கூடத்தில், அம்மாவின் முந்தானைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அவள் பேசுவதை இங்கிலீஷாக்கியும் அவர்கள் பேசுவதைத் தமிழாக்கியும் கொடுத்தோம். போன சனிக்கிழமை லிவர்மோர் கோவில் கேண்டீனில் இந்தப் பேச்சு வந்தபோது ஆளாளுக்கு ஒரு கதை சொல்லிச் சிரித்தீர்கள். நான் மட்டும் தயிர்சாதத்தைக் கிளறிக்கொண்டிருந்ததை ஒருவர் கவனித்துக் கேட்டும்விட்டார். என்னிடமும் ஒரு கதை இருக்கிறது. அதைச் சிரித்துக்கொண்டு சொல்ல எனக்கு வராது. அதனால் எழுதுகிறேன்.

நாங்கள் கோயமுத்தூரிலிருந்து நியூ ஜெர்சிக்கு வந்த இரண்டாவது வருஷம் அது. வெஸ்ட் வின்ட்சர் என்றால் இப்போது தோசை மாவு கிடைக்கும் இடம். அப்போது ரயில் ஸ்டேஷனைத் தாண்டினால் சோளக்காடும் உருளைக்கிழங்குக் காடும்தான். அப்பா காலையில் ரயிலேறி நியூயார்க் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வருவார். எங்கள் வீடு ஒட்டு வீடு. நடுச்சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள். அந்தப் பக்கம் ஓர் ஆன்ட்டியும் அவருடைய அப்பாவும். ஆன்ட்டிக்கு ஐம்பது வயதிருக்கும், கல்யாணம் ஆகாதவர், ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை. அவருடைய அப்பாவுக்கு எண்பத்தைந்துக்கு மேல். அம்மா அவரைப் "பெரியவரு" என்பாள். எனக்கும் அவர் பெரியவர்தான்.

அவரைப் பற்றி முதலில் நினைவு வருவது காதுகள். இரண்டு காதும் எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி சுருண்டு, தடித்து, தலையோடு ஒட்டிக் கிடக்கும். நடக்கும்போது ஒரு பக்கமாகச் சாய்வார். அதைப் பார்த்துவிட்டு அப்பா முதல் வாரமே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"பகல்லயே குடிக்கிறார் போல இருக்கு. அந்தப் பக்கம் போக வேண்டாம்."

அவர் குடிக்கவில்லை. போரில் ஒரு குண்டு பக்கத்தில் வெடித்ததில் இடது காது போய், அதோடு உடம்பின் நிதானமும் போய்விட்டது. எங்களுக்கு அது தெரிய ஐப்பசி வர வேண்டியிருந்தது.

ஐப்பசி என்று அம்மா கணக்கில் சொல்கிறேன். இலைகள் உதிர்ந்து கொல்லைப்புறம் முழுக்கக் குவிந்து கிடந்த சமயம். நான் பள்ளியிலிருந்து வந்தபோது அம்மா சேலைக்கு மேல் அப்பாவின் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, கையில் இலைவாரியோடு நின்றிருந்தாள். எதிரே பெரியவர் நனைந்த கம்பளிக் கோட்டோடு பேசிக்கொண்டிருந்தார். அம்மா அவரைப் பார்த்துப் பார்த்துத் தலையாட்டினாள்.

"கண்ணு, இவரு லஸ்ஸி லஸ்ஸின்னு கேக்கறாரு. மோராத்தான் இருக்கும். உள்ள கூட்டிட்டு வா."

பெரியவர் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து, பெருங்காயம் போட்ட மோரை ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடினார். பிறகு, மருந்து குடிக்கிற பிள்ளையைப் போல ஒரே மூச்சில் குடித்து முடித்து, டம்ளரை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்து, "தேங்க் யூ, லாஸி" என்றார். அவர் ஊர்ப்பக்கம் பெண்பிள்ளைகளை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். நான் அதைச் சொன்னதும் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அமெரிக்கா வந்த பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

அன்றிலிருந்து தினமும் மூன்றரை மணிக்குப் பின்கதவைத் தட்டுவார். கதவு திறந்தவுடன் கம்பளித் தொப்பியைக் கழற்றிவிடுவார். மோருக்குப் பதில் டீ. பையிலிருந்து பெப்பர்மின்ட் மிட்டாய் எடுத்து எனக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று வைப்பார். அவருடைய இங்கிலீஷ் என் டீச்சருக்கே புரிந்திருக்காது, எனக்குப் பழகப் பழகப் புரிந்தது. ஆனால் பள்ளியில் என் இங்கிலீஷும் யாருக்கும் புரியாததால், மந்தமான பிள்ளைகளோடு என்னைத் தனி அறையில் உட்கார வைத்திருந்தார்கள். அந்தச் சமையலறையில் நான்தான் கெட்டிக்காரி.

அவர் சொந்த ஊர் ஸ்காட்லாந்தின் தெற்கு எல்லையில். ஆற்றங்கரையில் வரிசையாகக் கம்பளி மில்கள். பன்னிரண்டு வயதில் மில்லில் சேர்ந்தாராம். இதைச் சொன்னதும் அம்மா நிமிர்ந்தாள்.

"என்ற அப்பாவும் மில்லுதான்னு சொல்லு கண்ணு. ஸ்பின்னிங்ல இருந்தாரு. சங்கு ஊதுனா வீடே எந்திரிக்கும்னு சொல்லு."

சொன்னேன். பெரியவர் வாயைக் குவித்து, அவர் மில்லின் சங்கு எப்படி ஊதும் என்று ஊதிக் காட்டினார். அம்மா தன் அப்பா மில்லின் சங்கை ஊதிக் காட்டினாள். பாபின், கதிர், பஞ்சுத்தூசியால் வரும் இருமல் என்று இருவரும் கையாலேயே ஒரு மணி நேரம் பேசினார்கள். நான் நடுவில் தேவைப்படவில்லை.

ரக்பி பற்றித் தெரிந்துகொண்டதும் அந்தச் சமையலறையில்தான். அவர் ஒரு போட்டோ கொண்டுவந்தார். பதினைந்து பேர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். பின்வரிசையில் காது நேராக இருக்கிற இளைஞன் அவர். முதல் உலகப் போருக்கு முன்னால், ஸ்காட்லாந்து தேசத்துக்காகவே ஆடியவர். மில் தொழிலாளியும், டாக்டரும், நிலச்சுவான்தார் மகனும் ஒரே சட்டை போட்டு ஆடினார்களாம். கருநீலச் சட்டை, நெஞ்சில் வெள்ளை முட்செடிப் பூ. மைதானத்துக்கு வெளியே அவர்கள் இவரைப் பார்த்தால் தலையசைப்பதோடு சரி. உள்ளே இவருடைய தோளும் அவர்கள் தோளும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். எட்டுப் பேர் இந்தப் பக்கம், எட்டுப் பேர் அந்தப் பக்கம், தலையைத் தலையோடு முட்டித் தள்ள வேண்டும். அதில்தான் காது நசுங்கிப் போகும்.

அதைக் காட்ட அவர் எழுந்து குனிந்து எங்கள் பிரிட்ஜைத் தோளால் தள்ளினார். பிரிட்ஜ் ஓர் அடி நகர்ந்தது.

"அடேங்கப்பா! சடுகுடுவேதான் கண்ணு. பந்து ஒண்ணுதான் சேத்தி" என்றாள் அம்மா.

அவர் தேசத்துக்காகப் பந்தைக் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய் மண்ணில் அழுத்தியது வாழ்நாளில் ஒரே ஒரு தடவை. எதிர் அணி அயர்லாந்து. மழை. சேற்றில் பந்து சோப்புக்கட்டி மாதிரி வழுக்கியது. பந்து காலடியில் வந்து விழுந்தது, எடுத்துக்கொண்டு விழுந்தேன், விழுந்த இடம் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது, அவ்வளவுதான் என்று முதல் நாள் சொன்னார். அடுத்த வாரம் சொன்னபோது பத்தடி ஓடியிருந்தார். கார்த்திகை முடிவதற்குள் பாதி மைதானம் ஓடிவிட்டார். காலையில் என்ன சாப்பிட்டோம் என்பது அவருக்கு நினைவிருக்காது. இந்தக் கதையைச் சொன்னோமா என்பதும் நினைவிருக்காது. நான் "இது ஏற்கெனவே சொன்னதுதான்" என்று தமிழில் முணுமுணுத்தால் அம்மா தொடையில் கிள்ளுவாள்.

"கேளு கண்ணு. சொல்றவருக்குப் புதுசு."

அப்பாவுக்கு இது எதுவும் தெரியாது. தெரிய வேண்டாம் என்று அம்மா சொல்லவில்லை. ஆனால் அப்பா வருவதற்குள் மூன்றாவது டம்ளர் கழுவிக் கவிழ்க்கப்பட்டிருக்கும். அது கிரீன் கார்டுக்கு அப்ளை பண்ணியிருந்த சமயம். யாரோடும் எந்த வம்பும் வரக்கூடாது என்பது அப்பாவின் ஒரே பயம். இப்போது யோசித்தால் அவருக்கும் அப்போது முப்பத்து நான்கு வயதுதான்.

மார்கழியில், முதல் பனி விழுந்த வாரம், பெரியவர் ஒரு பிஸ்கட் டின்னோடு வந்தார். மூடியில் ஒரு கோட்டைப் படம். உள்ளே, பழைய தினசரித் தாளுக்குள், கருநீல வெல்வெட் தொப்பி. விளிம்பில் வெள்ளி ஜரிகை, உச்சியில் குஞ்சம். தேசத்துக்கு ஆடியவர்களுக்கு மட்டும் கொடுப்பது. பூச்சி அரிக்காமலிருக்கப் போடும் மருந்தின் வாசனை அடித்தது. நான் தொடப் போனேன். அவர் டின்னை என்னிடமிருந்து நகர்த்தி அம்மா முன்னால் வைத்தார்.

"இதை நீ வைத்துக்கொள், லாஸி. என் பெண் இதை ஊருக்கு அனுப்பப் போகிறாள்."

அவர் சின்ன வயதில் ஆடிய ஊர்க் கிளப்பிலிருந்து கடிதம் வந்திருந்ததாம், தொப்பியைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்க ஆசைப்படுகிறோம் என்று. ஆன்ட்டிக்கு அதில் பெருமை. அப்பாவை முதியோர் இல்லத்தில் சேர்க்கும் ஏற்பாடும் நடந்துகொண்டிருந்ததால் வீட்டை ஒழித்துக்கொண்டிருந்தார்.

அம்மா கேட்டாள். "நல்லதுதானுங்களே? ஏன் வேண்டாங்கறாருன்னு கேளு."

கேட்டேன். அவர் டீ டம்ளரைத் தள்ளி வைத்தார். அன்று சொன்னதை அதற்கு முன் ஒரு தடவையும் சொன்னதில்லை.

போர் தொடங்கியபோது ஊர்ச் சந்தைத் திடலில் ஆள் சேர்த்தார்கள். மேடையில் நிற்க இவரைக் கூப்பிட்டார்கள். தொப்பியைப் போட்டுக்கொண்டு வா என்றார்கள். போட்டுக்கொண்டு நின்றார். வாங்கடா பையன்களா, இதுவும் ஒரு ஆட்டம்தான் என்று கூவினார். மில் பையன்கள் வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டார்கள், இவரும் போட்டார். இவர் தெருவில் இருந்து மட்டும் ஐந்து பேர். திரும்பி வந்தது இவர் ஒருவர். திரும்பிய பிறகு தெருவில் நடந்தால் ஒவ்வொரு வாசலிலும் ஒரு தாய். யாரும் ஒரு வார்த்தை ஏசவில்லை. "சுகமா இருக்கியாப்பா" என்றுதான் கேட்டார்கள். ஆறு மாசம் தாங்கினார். பிறகு கப்பலேறி இங்கே வந்து நூல் மில்லில் சேர்ந்தார். அதன் பின் ஊர்ப் பக்கம் போகவே இல்லை. பந்தையும் தொடவில்லை.

"அந்த அம்மாக்கள் முகத்தைப் பார்க்க முடியலையாம்" என்று முடித்தேன்.

"கூசும் கண்ணு. கூசாம என்ன பண்ணும்?" என்றாள் அம்மா. டின்னை எடுத்துப் போய், அவளுடைய பட்டுச்சேலைப் பெட்டியின் அடியில் வைத்துப் பூட்டினாள்.

ஐந்தாறு நாள் கழித்து, எனக்குக் கிறிஸ்துமஸ் லீவு விட்டிருந்த ஒரு மத்தியானம், முன்கதவு மணி அடித்தது. ஆன்ட்டி. ஆஸ்பத்திரி வெள்ளைச் சட்டையோடு, கோட்டைக்கூடப் பொத்தான் போடாமல் நின்றார். வீடு முழுக்கத் தேடிவிட்டாராம். அப்பாவைக் கேட்டால் நினைவில்லை என்கிறார், ஆனால் உங்கள் சுவரைக் கையால் காட்டுகிறார், ஒரு டின் இங்கே இருக்கிறதா என்றார். குரல் மரியாதையாகத்தான் இருந்தது.

அம்மா தயங்கவே இல்லை. மாடிக்குப் போய்ப் பெட்டியைக் கொண்டுவந்து, எங்கள் முன்னாலேயே பூட்டைத் திறந்து, ஒவ்வொரு சேலையாக எடுத்துச் சோபாவில் வைத்து, அடியிலிருந்து டின்னை எடுத்து நீட்டினாள். பூட்டிய பெட்டி, சேலைகளுக்கு அடியில். ஆன்ட்டியின் முகம் சிவந்ததை நான் பார்த்தேன். அம்மாவும் பார்த்தாள். உடனே பேச ஆரம்பித்தாள்.

"நான் எடுக்கலீங்க. அவரே குடுத்தாருங்க. ஊருக்கு அனுப்ப வேண்டாமுன்னு சொன்னாரு. இந்தத் தொப்பியப் பாத்துத்தான் பசங்க போருக்குப் போனாங்களாமா. அந்தத் தாய்மாருங்க மூஞ்சியப் பாக்கக் கூசுதுன்னு சொன்னாருங்க. நீங்க அவருகிட்ட நல்லாக் கேளுங்க. சொல்லு கண்ணு. விடாமச் சொல்லு."

ஆன்ட்டி என்னைப் பார்த்தார். "என்ன சொல்கிறார்கள்?"

எனக்கு எல்லாமே தெரியும். அந்தக் கதையை இங்கிலீஷில் கேட்டவளே நான்தான். என் இங்கிலீஷ் போதவில்லை என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். அம்மாவின் குரல் உயர்ந்திருந்தது. ஸ்வெட்டரில் முழங்கைப் பக்கம் ஓட்டை. சோபா முழுக்கச் சேலைகள். ஆன்ட்டி சுத்தமாக, சோப்பு வாசனையோடு நின்றார். நூலகத்துக்குக் காரில் என்னைக் கூட்டிப் போகிறவர். இது சீக்கிரம் முடிந்தால் போதும் என்றிருந்தது. பள்ளியில் எந்தத் தொந்தரவையும் முடித்துவைக்கிற வார்த்தை ஒன்று எனக்குத் தெரியும்.

"அம்மா சாரி சொல்றாங்க" என்று இங்கிலீஷில் சொன்னேன்.

"ஐ ஸீ" என்றார் ஆன்ட்டி. டின்னை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

"சொல்லிட்டியா கண்ணு? எல்லாமும்?" என்றாள் அம்மா.

"சொல்லிட்டேன்."

அன்று சாயங்காலம் அப்பா வந்து ஷூவைக் கழற்றுவதற்குள் ஆன்ட்டி மறுபடி வந்தார். வாசலிலேயே நின்று அப்பாவிடம் பேசினார். இதைப் பெரிதாக்கப் போவதில்லை, உங்கள் மனைவி மன்னிப்புக் கேட்டுவிட்டார், ஆனால் இனி என் அப்பாவை வீட்டுக்குள் விட வேண்டாம். அப்பா ஐந்து தடவை "ஐயம் வெரி சாரி" சொன்னார். கதவை மூடிவிட்டுத் திரும்பியபோது அவர் முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது.

"அடுத்தவங்க பொருளை எதுக்கு எடுத்த?"

"நான் எடுக்கலீங்க. அவரே குடுத்து வெச்சாருங்க."

"எடுக்கலைன்னா பின்ன எதுக்கு அந்தம்மாகிட்ட மன்னிப்புக் கேட்ட?"

அம்மா வாயைத் திறந்தாள். பிறகு மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் மாடிப்படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"கேட்டா முடிஞ்சுருமுன்னு கேட்டுட்டேனுங்க" என்றாள் அப்பாவிடம்.

இனிமேல் பின்கதவைத் திறக்கக்கூடாது என்று மட்டும் அப்பா சொன்னார்.

ஆனால் பெரியவருக்கு எதுவும் நினைவில்லை. மறுநாள் மூன்றரைக்குக் கதவு தட்டப்பட்டது. அம்மா எழுந்து போய்க் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றாள். நான் திரைச்சீலை இடுக்கு வழியாகப் பார்த்தேன். அவர் கம்பளித் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தலையில் பனி விழ, கதவு திறப்பதற்காகப் புன்னகையோடு காத்திருந்தார்.

"போயிட்டு வாங்க பெரியவரே. குளிருதுங்க. போங்க" என்று அம்மா கதவில் நெற்றியை வைத்துத் தமிழில் சொன்னாள்.

அவர் நல்ல காதைக் கதவில் வைத்துக் கேட்டார். என்ன புரிந்துகொண்டாரோ, படியில் ஒரு பெப்பர்மின்ட் மிட்டாயை வைத்துவிட்டுப் போனார். நாலு நாள் இப்படி. தை மாசம் பிறந்ததும் அவரை இல்லத்துக்குக் கூட்டிப் போனார்கள். அம்மா மாடி ஜன்னலில் நின்று கும்பிட்டாள். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. அடுத்த கோடைக்குள் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று தபால்காரர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். ஆன்ட்டியும் வீட்டை விற்றுவிட்டுப் போய்விட்டார்.

கல்லூரி முடித்து, கலிபோர்னியாவில் வேலை கிடைத்துக் கிளம்பிய வாரம்தான் அம்மாவிடம் வாயைத் திறந்தேன். அவள் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அதற்குள் அவள் சின்னக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு டேகேரில் எட்டு வருஷம் வேலை பார்த்திருந்தாள்.

"தெரியும் கண்ணு. உங்கப்பா கேட்டாரில்ல, அப்பவே தெரிஞ்சுருச்சு."

"அப்புறம் ஏம்மா என்னைத் திட்டலை?"

"ஒம்போது வயசுப் புள்ளைய மாட்டியுடறதா? அது போச்சு." மாவை உருட்டி வைத்துவிட்டுச் சொன்னாள். "ஆனா பெரியவரு சொன்ன சேதி ஒண்ணு என்றகிட்டவே நின்னு போச்சு. அவரு மகளுக்குத் தெரியாமயே போயிருமோன்னுதான் இருக்குது. அந்தம்மா எங்க இருக்குதுன்னு பாரு."

டெலிபோன் புத்தகத்தில் பெயர் இருந்தது. ஒரு மணி நேர டிரைவ். ஆன்ட்டி முழுக்க நரைத்திருந்தார். எங்களை உடனே அடையாளம் தெரிந்து, என்ன செய்வது என்று தெரியாமல், டீ போட்டார். நான் காரில் ஒத்திகை பார்த்ததை எல்லாம் மறந்து, "அன்னைக்கு அம்மா சாரி சொல்லலை, ஆன்ட்டி. நான்தான் அப்படிச் சொன்னேன்" என்று ஆரம்பித்து அழுதுவிட்டேன். அம்மா என் முழங்காலில் கையை வைத்து அழுத்தினாள். பிறகு அவளே பேசினாள், தன்னுடைய டேகேர் இங்கிலீஷில்.

சந்தைத் திடல், மேடை, தொப்பி, ஐந்து பையன்கள் என்று எதையும் விடாமல் சொன்னாள். ஆன்ட்டிக்கு அதில் ஒன்றுகூடத் தெரியாது. அப்பா ஏன் ஒரு தடவையாவது சொந்த ஊருக்குப் போகவில்லை என்று ஐம்பது வருஷமாக யோசித்தவர். தொப்பியை ஆன்ட்டியே எடுத்துப் போய் அந்தக் கிளப்பில் கொடுத்திருந்தார். எல்லோரும் கைதட்டினார்களாம். இல்லத்தில் அப்பா தினமும் மூன்றரை மணிக்குக் கோட்டைக் கேட்டு அடம்பிடிப்பார், எதற்கென்று நர்ஸ்களுக்குப் புரியவில்லை என்றார்.

"அவர் என்ன சொன்னார்? அவர் சொன்ன வார்த்தையை அப்படியே சொல்லுங்கள்" என்று கேட்டார்.

அம்மா தடுமாறினாள். என் பக்கம் திரும்பினாள். "கூசறதுக்கு இங்கிலீஷ்ல என்ன கண்ணு?"

நான் யோசித்தேன். "ஷேம்" என்றேன்.

அம்மா தலையை ஆட்டினாள். "அது இல்ல." ஆன்ட்டியைப் பார்த்து, கையைத் தூக்கித் தன் கண்களை மறைத்துக்கொண்டாள். "சன் கம்மிங் இன் தி ஐ. யூ காண்ட் லுக். மதர்ஸ் ஃபேஸ், லைக் தட். ஃபார் யுவர் ஃபாதர்."

ஆன்ட்டி கோப்பையைக் கீழே வைத்தார். எழுந்து வந்து, அம்மாவுக்குப் பக்கத்தில், சோபாவில் இருந்த சின்ன இடத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"இன்னும் சொல்லுங்கள். முதலிலிருந்து" என்றார்.

அம்மா மில் சங்கிலிருந்து ஆரம்பித்தாள்.